பெரியவளின் கேமரா

“தாளைக் கொஞ்சம் மேல தூக்குங்க மாமா. இன்னும். உங்க முகம் வேணாம், தாள்தான் வேணும்.”

நான் தூக்குகிறேன். கோடு போடாத வெள்ளைத் தாள் என் முகத்தை மறைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் என் பெரிய மருமகள் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பாள். எங்கள் கூடத்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கிறதாம். ஜன்னல் வழியே வருவதில் நீலமாம். எது வெள்ளை என்று முதலில் காட்டிக் கொடுத்துவிட்டால் மற்ற நிறங்களைக் கேமரா ஒழுங்காகச் சொல்லிவிடும். ஒயிட் பேலன்ஸ் என்று அதற்குப் பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே பதவி, இந்தத் தாள் பிடிப்பது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃபிரேமை இளஞ்சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் அழுத்தாமல் உட்கார வைப்பதில் அந்தக் கடையிலேயே அவள் கைதான் கை. அந்தத் தொழில் அவள் பார்வையில் ஏறிவிட்டது. புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதலில் அவர்கள் மூக்கைப் பார்ப்பாள். நாங்கள் அவள் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போன அன்றைக்கே என்னிடம், “மாமா, உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு, கழட்டிக் குடுங்க” என்று கேட்டு வாங்கிச் சரி செய்து கொடுத்தாள். அப்போதே இந்தப் பெண் நம் வீட்டுக்குப் பொருந்துவாள் என்று நினைத்தேன். நான் வானிலை நிலையத்தில் மழைமானி பார்த்துக் குறித்தே காலத்தைக் கழித்தவன். ஏறுமாறாக இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னாலும் முடியாது.

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அட்டை போட்டு, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். படித்ததை வீட்டில் யார் கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். “ஐரிஸ்னா நம்ம கண்ணுல இருக்கற பாப்பா மாதிரி. வெயில்ல சுருங்கும், இருட்டுல விரியும். அதுவும் பத்தலைன்னா கெயின் ஏத்தி வெளிச்சத்தைக் கூட்டணும். ரொம்ப ஏத்தினா படத்துல கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வரும்.” ஆப்டிக்கல் ஜூமுக்கும் டிஜிட்டல் ஜூமுக்கும் என்ன வித்தியாசம் என்பதை எனக்கு என் பனியனை வைத்து விளக்கினாள். முதலாவதில் லென்சு நகர்ந்து நிஜமாகவே கிட்டப் போகிறது. இரண்டாவதில் இருக்கும் படத்தையே இழுத்துப் பெரிதாக்குகிறது. “பனியன் துணியை இழுத்தா பெருசாகும். ஆனா நூல் தெரிய ஆரம்பிச்சிடும் இல்ல, அது மாதிரி.”

மனிதர்களுக்கும் அவளிடம் இதே அகராதிதான். என் மூத்த மகனுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, ஆட்டோ ஃபோகஸ் என்று பட்டம். “குறுக்க யார் போனாலும் அவங்க மேல ஓடிடுவார். திரும்ப நம்ம மேல வர்றதுக்கு நேரமாகும்.” எனக்கு ஸ்டாண்ட். வைத்த இடத்தில் நிற்கிறேனாம். அவளுடைய ஓரகத்தி, என் இளைய மகனின் மனைவி, டிஜிட்டல் ஜூம். “கிட்ட வந்த மாதிரி இருக்கும் மாமா. வந்திருக்க மாட்டா.”

இங்கேதான் விஷயத்துக்கு வர வேண்டும். சின்னவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். அவளிடமும் ஒரு கேமரா இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குவது, அவள் புருஷன் வாங்கிக் கொடுத்தது. அதில் என்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. எல்லாம் ஆட்டோ. ஒரே சிவப்புப் பொத்தான். ஒருமுறை அமுக்கினால் பதிவு ஆரம்பிக்கும், மறுமுறை அமுக்கினால் நிற்கும். அதிலும் அவளுக்குக் கணக்குத் தவறிவிடும். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடங்குவதாக நினைத்து நிறுத்துவாள். நின்றிருப்பதை நிறுத்துவதாக நினைத்துத் தொடங்குவாள். பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பாள்.

“அவ எடுத்தா ஆரம்பமும் செருப்பு, முடிவும் செருப்பு” என்பாள் பெரியவள்.

ஆனால் நாங்கள் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய்வந்த மறுநாள் இரண்டு பேர் படத்தையும் டிவியில் போட்டுப் பார்த்தோம். பெரியவள் எடுத்ததில் தண்ணீர்க் கோடு அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. மரத்தின் பச்சை மரத்தின் பச்சையாகவே இருந்தது. நாங்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நின்றோம். என் மனைவி மூச்சையே விடவில்லை என்று தோன்றியது. சின்னவள் எடுத்ததில் முதலில் செருப்பு, பிறகு வானம். அதற்குப் பிறகு திடீரென்று என் மனைவியின் கால் சேற்றில் மாட்டி, செருப்பு உள்ளேயே நின்றுவிட, அவள் சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். படமும் கூடவே குலுங்குகிறது.

“அந்தச் செருப்பு வர்றதை இன்னொரு தடவை போடுடி” என்று என் மனைவி கேட்டாள். மறுபடி போட்டார்கள். மறுபடியும் கேட்டாள்.

“ஃபிரேம் சாஞ்சிருக்கு” என்றாள் பெரியவள், தன் தலையையும் சாய்த்துக்கொண்டு.

“சாயட்டுமே. நான்தான் விழப்போனேனே!”

பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போய், சொட்டாத குழாயை இறுக்கிவிட்டு வந்தாள். “ஆட்டோல போட்டா யார் வேணா எடுக்கலாம். கேமரா எடுக்குது. இவ பிடிச்சுக்கிட்டு நிக்கறா, அவ்வளவுதானே” என்று என் பக்கமாகச் சொன்னாள். சின்னவள் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துப் பெரியவள் அதே படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். செருப்பு வரும் இடத்தில் நிறுத்தினாள். திரையில் என் மனைவி வாய் திறந்து, கண் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு பெரியவளின் கேமராவுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவள் திரைக்கு வெகு அருகே போய் நின்றாள்.

இந்த வருஷம் என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் எடுத்தாக வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது என்றார் டாக்டர். “குரல் அப்படியே இருக்கலாம். மாறவும் மாறலாம்.” வெளியூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு அது நிறைமாதம். அம்மாவின் பழைய குரல் பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டும், ஆபரேஷனுக்கு முன்னால் பதிவு செய்து வையுங்கள் என்று ஃபோனில் அழுதாள். யார் எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. பெரியவள் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கென்றே சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கி வந்தாள். பித்தான் அளவு செல் போட்டு ஓடுவது, தனியாக ஒரு சுவிட்ச் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் தாள் பிடித்தேன். சின்னவள் தன் கேமராவோடு வந்து நின்றாள்.

“நீ உன்னோடதை உள்ள வை. ரெண்டு பேர் எடுத்தா அத்தை எந்தப் பக்கம் பார்ப்பாங்க?”

“சரிக்கா.” பொத்தானை அமுக்கிவிட்டுக் கேமராவைத் துணிப்பையில் போட்டு, என் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு மேஜைமேல் இருந்த ஹெட்ஃபோனை எடுத்தாள். “இதை நான் மாட்டிக்கிட்டு, சத்தம் வருதான்னு பார்த்துச் சொல்லட்டுமாக்கா? நானும் ஏதாவது செய்யறேனே.”

“தொடாத. அது விளையாட்டுச் சாமான் இல்ல.”

சின்னவள் அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். கன்னத்தில் நிழல் விழுகிறது என்று பெரியவள் மாடிக்குப் போய் மேஜை விளக்கை எடுத்து வந்தாள். அதற்குள் மாமியாரும் சின்ன மருமகளும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பத்திரப்படுத்தப் போயிருந்தேன். பிறகு என் மனைவி பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கதை சொன்னாள். அதன் அம்மா சின்ன வயதில் எப்படி அழுவாள், பெரிய மாமா எப்படி வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கிப்போவான் என்று. அவளாகவே சிரித்து, தொடையில் ஓங்கித் தட்டினாள். பெரியவளின் கேமராவுக்கு முன்னால் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரியவள் கண்ணை எடுக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மாறிவிட்டது. காற்று அதிகமாகவும் ஒலி குறைவாகவும் கலந்த ஒரு குரல்.

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, “மாமா, கொஞ்சம் வாங்க. உங்களுக்குக் கேக்குதா?” என்று பெரியவள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைகிறது, தொடையில் தட்டுகிறாள், சிரிக்கிறாள். சத்தம் இல்லை. எனக்குக் காது மந்தம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒயரை மாற்றினாள், ஸ்பீக்கரை மாற்றினாள், வழியில் வந்த புருஷனைத் திட்டினாள். கடைசியில் மைக்கை எடுத்துத் திருப்பினாள். அதன் சுவிட்ச் அணைந்தே இருந்தது. வெளி மைக்கின் ஒயரைச் செருகியதும் கேமரா தன் சொந்தக் காதை மூடிக்கொள்ளும். திரை ஓரத்தில் குரலோடு ஏறி இறங்க வேண்டிய பட்டை அன்றைக்குப் படுத்தே கிடந்திருக்கும். அவள் அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை, மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, “அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க மாமா” என்றாள்.

மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம் பெரியவள், “வேலை நடக்குது, அனுப்பறேன்” என்று சொல்லி வைத்தாள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் ஒருவருடைய கண்ணாடியை வளைக்கும்போது தானே உடைத்துவிட்டதாகச் சொன்னாள்.

ஒருநாள் காலை சின்னவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்தாள். “அக்கா, கார்டு ஃபுல்லுன்னு காட்டுது. ஒரே இருட்டா நீளமா ஒண்ணு இருக்கு. நான்தான் வழக்கம்போல அமுக்கித் தொலைச்சிருக்கேன் போல. அழிச்சிடட்டுமா?”

சின்னவள் எடுத்த எதைப் பற்றிக் கேட்டாலும் பெரியவளுக்கு ஒரே பதில்தான்: அழிச்சிடு. அதைச் சொல்ல வாய் திறந்துவிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, “குடு” என்று வாங்கி ஓடவிட்டாள். படம் கறுப்பு. துணி உரசும் சத்தம். அப்புறம் அவள் குரலே: “தொடாத. அது விளையாட்டுச் சாமான் இல்ல.” படியேறும் காலடி. அதற்குப் பின்னால், பை வழியே வந்ததால் கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுசாக, என் மனைவியின் பழைய குரல்.

முதலில் சின்னவள் கேட்கிறாள்: “பெரியக்கா எடுக்கறப்ப மட்டும் ஏன் அத்தை இப்படி விறைச்சுக்கறீங்க?”

“அவ பார்க்கற பார்வை அப்படிடி. என்னை இவ்வளவு நேரம் யார் உத்துப் பார்த்திருக்கா, சொல்லு? உங்க மாமாவே பார்த்ததில்ல. அதான் கூச்சமாப் போயிடுது. நல்லாத் தெரியணுமேன்னு மூச்சைப் பிடிச்சுக்கறேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியவள் கேமராவைக் காதோரம் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு கதை வந்தது, தொடையில் தட்டிய சத்தம் வந்தது, சிரிப்பு வந்தது.

“என்னோடதுல சத்தம் விழல” என்றாள் பெரியவள். சின்னவளைப் பார்க்காமல் கேமராவிடம் சொன்னாள்.

“ஐயோ அக்கா! அவ்வளவு நல்ல மைக் மாட்டியிருந்தீங்களே!”

சின்னவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அது வராது. அதனால்தான் பெரியவளுக்கு அது நன்றாகவே குத்தியது.

தன் படத்தையும் சின்னவள் கேமராவில் விழுந்த சத்தத்தையும் கம்ப்யூட்டரில் பெரியவள்தான் ஒன்று சேர்த்தாள். கை தொடையில் படும் படமும் ‘பட்’டென்ற ஓசையும் ஒரே இடத்தில் விழுகிற வரைக்கும் முன்னே பின்னே நகர்த்தினாள். அந்த ஒரு இடம் பொருந்தியதும் உதடும் பேச்சும் தாமாகப் பொருந்திக்கொண்டன. மகளுக்குப் போன படத்தில், பெரியவள் மாடிக்குப் போயிருந்த நேரத்துப் பேச்சு கிடையாது. அதைத் தனியாக எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். பிறகு கார்டைச் சின்னவளிடம் கொடுத்து, “இப்ப எல்லாத்தையும் அழிச்சிடு. இடம் வேணும்ல” என்றாள். “சரிக்கா” என்று சின்னவள் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். எதை அமுக்கினாள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

போன வாரம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பாட்டியின் புதுக்குரலும் பேரனுக்குப் பழக வேண்டும் என்று, என் மனைவி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்தில் தழும்பு தெரிந்தது, மறைக்க வேண்டாம் என்றுவிட்டாள். நான் தாள் பிடித்தேன். பெரியவள் மைக்கின் சுவிட்சைப் போட்டாள். போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். சின்னவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

பெரியவள் மேஜைமேல் இருந்த ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். காதோர முடியை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி ஃபிரேமைப் பொருத்துகிற அதே கவனத்தோடு, அழுத்தாமல், இரண்டு பக்கமும் சமமாக அவள் தலையில் மாட்டினாள். தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு, அவள் எட்டிப் பார்க்க முடியாதபடி, கேமராவின் சின்னத் திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.