மாடு ஒதுக்கிய வாளி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டை ஒரு மாடு வேண்டாம் என்று சொன்னதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். சும்மா சொல்லவில்லை, தெருவே பார்த்தது.

கப்பலூரில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை. விடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவாள். வீட்டில் இருக்கிற மனுஷன் சமைத்தால் என்ன குறைந்துபோகும் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆடி முடிகிற வரை பார்க்கலாம், பண்டத்தைப் பாழாக்காமல் சமைத்தால் அடுப்படி உங்களுக்கு, இல்லையென்றால் மெஸ்ஸில் எடுப்புச் சாப்பாடு சொல்லிவிடுவேன் என்றாள்.

ஒரே வாரத்தில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அத்தனை வருஷம் இரும்பு கடைந்தவனுக்கு, கடுகு வெடிக்கிற சத்தமும் வெங்காயம் வதங்குகிற வாசமும் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தன. பட்டறை போனதிலிருந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். அந்த அடுப்பு முன்னால் நின்றால் மனசு நின்றது. அதை விடுவதாக இல்லை.

சிக்கல் கழுநீர் வாளியில் வந்தது. தெரு முக்கில் பால் கறந்து விற்கிற பெண் ஒருத்தி, சாயங்காலமானால் மாட்டைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருவாள். அரிசி கழுவின தண்ணீர், கஞ்சி, காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் போட்ட வாளியை அவரவர் வாசலில் வைப்போம். மாடு நின்றபடியே உறிஞ்சிவிட்டு அடுத்த வாசலுக்கு நகரும். மற்றவர்கள் வாளி பாதிதான் இருக்கும். நம்முடையது தளும்பும். சாப்பிடுவது இரண்டு பேர், என் கை கல்யாண வீட்டுக்கு ஆக்கியது. சோறு குழைந்தால் வாளி, பொரியல் தீய்ந்தால் வாளி.

ஒருநாள் புளிக்குழம்பில் மிளகாய்த்தூள் டப்பாவே கவிழ்ந்துவிட்டது. அப்படியே வாளியில் சாய்த்தேன். மாடு வந்தது, மூக்கை விட்டது, தும்மியது. எதிர்வீட்டுக் கோலம் நனைகிற தும்மல். வாளியைத் தலையால் தள்ளிவிட்டு, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. மறுநாள் நல்ல கஞ்சிதான் வைத்தேன். எங்கள் வாசலைக் கண்டதும் அது வேகத்தைக் கூட்டியது.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மனைவியிடம் ஆளாளுக்கு நிறுத்திச் சொல்லியிருக்கிறார்கள். கேவலமான சமையலை மாடு கூடத் திங்காது என்று திட்டுவது நம்மூர் வழக்கம். அதை யாராவது நிரூபித்துப் பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்துவிட்டேன். அவள் மெஸ்காரர் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். போயும் போயும் ஒரு மாடு. இனி அந்த வாளிக்கு ஒரு பருக்கை கூடப் போகாது என்று சபதம் போட்டேன். அரிசியைக் குறைத்தேன். பீர்க்கங்காய்த் தோல் துவையல் ஆனது. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டு ஆனது. புளித்த மாவு பணியாரம், மிச்சச் சோறு வெங்காய வடகம். டீத்தூளும் முட்டை ஓடும் மொட்டைமாடித் தொட்டியில் மண்ணோடு மக்கின. அதில் தானாக ஒரு பூசணிக்கொடி கிளம்பியது. அதன் இலையையும் விடவில்லை, பறித்துப் பொரியல் வைத்தேன். மனைவி தட்டு முன்னால் உட்காரும்போதே, இன்றைக்கு எதனுடைய தோல் என்று கேட்க ஆரம்பித்தாள். சேனைக்கிழங்குத் தோலிலும் கை வைத்தேன். அன்றைக்கு நாக்கு அரிப்புத் தாங்காமல் இரண்டு பேரும் வாயில் புளியை அடக்கிக்கொண்டு, பேச முடியாமல், சைகையிலேயே சண்டை போட்டோம்.

வாளியில் இப்போது அரிசித் தண்ணீரும் நாலு காம்பும்தான். கோபித்துக்கொண்டு போன மாடு ஒரு சாயங்காலம் நின்று மோந்தது. குடித்தது. அடிவரை நக்கிவிட்டு, இன்னும் கொண்டு வா என்று வாளியை உருட்டியது. அதன் பிறகு எங்கள் கேட்டை விட்டு நகராது.

"அண்ணே, உங்க வாளி கழுவிக் கவுத்துன மாதிரில்ல இருக்கு. இது அசைய மாட்டேங்குது, நான் எப்பண்ணே வீட்டுக்குப் போக?" என்று பால்காரப் பெண் புலம்பினாள்.

ஆடி கடைசி நாள் வந்தது. தட்டைப்பயறு, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்தவள் தட்டுக்கூட எடுக்கவில்லை. குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டி, தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் போன். அடுப்படியை இன்றோடு பிடுங்கிக்கொண்டால் நாளைக்கு எழுந்து என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வாசலில் மாடு கத்தியது. அவள் எட்டி வாளியைப் பார்த்தாள், வெறும் தண்ணீர். கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். அதில் தண்ணீர்கூட இல்லை.

"பாவம்ங்க அது. நாளைக்கு ரெண்டு தோலையாவது அதுக்கு விட்டு வைங்க."

"நாளைக்கா?" என்றேன்.

அவள் விரலைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தாள். "ஏன், நாளைக்கு வேற யாரு ஆக்குவா?"