பூண்டுலோயாவில் இலை கழுவிய நாள்

சித்திரைப் புத்தாண்டுக்கு வரச்சொல்லி மகேஸ்வரி வருடா வருடம் கூப்பிடுவாள். ஹட்டனில் என்னோடு படித்தவள். இந்த முறை காரணமும் சொன்னாள். "லீவு முடிய அவரு கொழும்புக்கு வேலைக்குப் போறாருடி. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்துட்டுப் போ." உடனே கிளம்பினேன்.

கொழும்பிலிருந்து விடியற்காலை பஸ். ஹட்டனில் இறங்கி ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் காரமான கட்டச் சம்பலும் சாப்பிட்டேன். அடுத்தது தலவாக்கலை பஸ், அங்கிருந்து பூண்டுலோயா பஸ். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துவிடுங்கள். டவுனிலிருந்து மகேஸ்வரி வீடு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

"பட்டர் புரூட் தோட்டத்துக்கா? பாவங்க, பூச்சி அடிச்சிருச்சே" என்றார் ஆட்டோக்காரர்.

மகேஸ்வரியும் அவள் கணவர் சிவலிங்கமும் லீக்ஸ் மாதிரி மரக்கறி போட்டுக் கட்டுப்படியாகாமல்தான் பட்டர் புரூட் என்கிற அவகாடோவுக்கு மாறினார்கள். முப்பது ஒட்டுமரங்கள். போன வருடப் பழத்தில் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். இந்த வருடம் தை, மாசியில் மழையே இல்லை. பக்கத்து மண்பாதையின் புழுதி முழுவதும் இலைமேல். கூடவே செஞ்சிலந்தி வந்தது. தேயிலையிலும் வருகிற, மண்துகள் அளவேயான சிற்றுண்ணி. அது சாறு உறிஞ்சிய இலைகள் துருப்பிடித்த மாதிரி ஆகிக் கொட்டிவிட்டன. நிழல் போனதும் வெயில் பட்ட காய்கள் கருகின, மிச்சம் பருக்கவில்லை. வாங்க வந்த வியாபாரி பெரியதாகப் பொறுக்கிக்கொண்டு, சின்னக் காய்களைக் குவியலாக விட்டுப் போயிருந்தார். சிவலிங்கத்தைக் கொழும்பில் கடைவேலை தேட வைத்தது அந்தக் குவியல்தான்.

நான் போனபோது இருவருக்கும் பேச்சு இல்லை. பாதி மரத்தை வெட்டி, பழையபடி லீக்ஸ் போடலாமென்று மறுநாளைக்கு மரம் அறுக்கிறவரைச் சொல்லிவைத்திருந்தார் அவர். மகேஸ்வரியோ ஏணி போட்டு ஒவ்வொரு மரமாக மிஞ்சிய இலைகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். மருந்தடித்ததில் உண்ணியைத் தின்கிற பூச்சிகளும் செத்துவிட்டன, இனிப் புழுதி போகத் தண்ணீர் அடியுங்கள் என்று விவசாய அதிகாரி சொல்லியிருந்தாராம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் சிவலிங்கம் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"எறங்கு. குழாய இங்க குடு."

"வெட்டப்போற மரத்த நீங்க எதுக்குக் கழுவணும்?"

"நீ இப்படி கழுவிக்கிட்டு நிக்கிறப்ப நான் எப்படிடி வெட்டுறது?"

அவள் இறங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், ஈரம் எல்லாம் குழாய்த் தண்ணீர் இல்லை. அவர் ஏறுவதற்கு முன் மரம் அறுக்கிறவருக்குப் போன் போட்டு, "வேணாங்க, வர வேணாம்" என்றார். பொழுது சாயும்வரை மூன்று பேரும் நனைந்தோம். அன்று அவர்கள் வீட்டில் பேச்சு ஓயவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை அவர் கொழும்புக்குப் போகத்தான் செய்தார். போன பருவம் போனதுதான். பஸ் வரும்வரை அவர் பை மகேஸ்வரியின் தோளில்தான் தொங்கியது.

போகிறவர்களுக்கு: சித்திரையிலும் சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதையோரம் சின்ன அவகாடோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அளவுதான் குறைவு. கையால் அமுக்கி, லேசாக மெத்தென்று இருப்பதை எடுங்கள். சீனி போட்டுப் பிசைந்தால் பெரிய பழத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

வைகாசியில் மழை பிடித்தது. போன வாரம் மகேஸ்வரி ஒரு கொப்பைப் படமெடுத்துச் சிவலிங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாள், நுனியெல்லாம் செம்பு நிறம். வேலையைப் போட்டுவிட்டுப் பதறிக் கூப்பிட்டாராம். "திரும்பவும் பூச்சியா மகேசு?"

"இல்லீங்க" என்றாளாம் இவள். "துளிரு."