கவினா கேட்டு வாங்கிய தீவன விவரம்

புருஷன் போன பிறகு ஓசியேரி மேட்டில் அத்தனை செம்மறிகளையும் தனியாளாகக் கட்டி மேய்த்தவள் கவினா. வங்கிக்காரனையே பட்டி வாசலில் நிற்கவைத்துப் பேசியவள். குளிர்காலத்தை மட்டும் அவளால் சமாளிக்க முடியவில்லை. குட்டி போட நாள் நெருங்கிய ஆடுகள் காலை மடக்கிப் படுக்கும், பிறகு எழாது. அக்கம்பக்கத்துப் பட்டிகளிலும் இதே கதைதான்.

அப்போதுதான் கால்நடைத் தீவன ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒத்தாவியோ வந்தான். அவள் வெட்டிக் கொடுத்த பாலாடைக்கட்டியைத் தின்றபடியே சொன்னான்.

"ஒரு பட்டிய மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாதுக்கா. என்ன தீவனம் போடுறீங்க, எப்ப புல்லு தீருது, எத்தன ஆடு விழுது, எல்லாரும் சொல்லுங்க. சேத்து வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும். தகவல் பட்டிக்காரங்க எல்லாருக்கும் பொது. எவனும் பூட்டி வைக்க மாட்டான்."

கவினா விவரம் கேட்டுப் பட்டிபட்டியாக ஏறி இறங்கினாள். பக்கத்து மேய்ச்சல்காரன் பக்கீசியோ மட்டும் மசியவில்லை.

"என் ஆடு என்ன திங்குதுன்னு ஊருக்கு எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு நான் என்ன தின்னேன்னு கேப்பான்."

"நீ தின்னியான்னு உன் பொண்டாட்டியே கேக்கறதில்ல. நான் இருக்கேன், குடுய்யா."

அவள் சொன்னாளே என்றுதான் கொடுத்தான்.

பலன் இல்லாமல் போகவில்லை. சினையின் கடைசி மாதத்தில் வெறும் காய்ந்த புல் போதாது, வாற்கோதுமையும் வேண்டும் என்று தெரிந்தது. அந்தக் குளிரில் ஆடுகள் எழுந்து நின்றன. கவினா குட்டி அறுத்து ஒத்தாவியோவுக்கு விருந்து வைத்தாள்.

மறு வருஷம் தீவனக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பிப்ரவரி பொறந்தா உங்க புல்லு தீந்துடும். இப்பவே மூட்டை எடுத்துக்குங்க. அப்ப கேட்டா விலை வேற."

அது அவள் ஒத்தாவியோவிடம் மட்டும் சொன்ன விஷயம். உடனே ஒத்தாவியோவைப் போனில் பிடித்தாள்.

"நிலையத்துக்கு நிதி நின்னுபோச்சுக்கா. கம்பெனி கை குடுத்துச்சு, பதிலுக்கு விவரத்தக் கேட்டுச்சு. பேரு எதுவும் குடுக்கல, பட்டி இருக்கற இடம் மட்டும்தான்."

"அந்த இடத்துல என்னத் தவிர எவடா இருக்கா? அழிச்சிடு."

"அவங்க கைக்குப் போயிடுச்சு."

"விருந்துக்கு வந்தியே, அப்பவே குடுத்துட்டியா?"

கவினா போனை வைத்தாள்.

மறுநாள் தானே ஒவ்வொரு பட்டிக்கும் போய் நடந்ததைச் சொன்னாள். சிலர் திட்டினார்கள், சிலர் காபி கொடுத்தார்கள். பக்கீசியோ கடைசி ஆட்டைக் கறந்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"அவன் உன்ன ஏமாத்திட்டான். தெரியுது. ஆனா நான் அவன நம்பிக் குடுக்கல, கவினா. உன்ன நம்பித்தான் குடுத்தேன்."

மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு கவினா சமவெளி விவசாயிகளிடமே நேரடியாக வாற்கோதுமை வாங்க ஏற்பாடு செய்தாள். பக்கீசியோ சேரவில்லை. கம்பெனி சொன்ன விலைக்கே மூட்டை வாங்கினான். அவனுக்கு மூட்டை கொண்டுவரும் கம்பெனி லாரி மேடேறும் சத்தம் கேட்டால் கவினா பட்டிக்குள் போய்விடுவாள்.