அப்பாதுரை மாஸ்டரின் கத்தரிக்கோல்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் பையன்கள் பயந்தது டிரில் மாஸ்டர் அப்பாதுரைக்குத்தான். நான் அங்கே கணக்கு வாத்தியார். என் பிரம்புக்கு அசையாத வகுப்பு, வராந்தாக் கோடியில் அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தெரிந்தாலே வாயை மூடிக்கொள்ளும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக்கொட்டை பயிர் செய்கிற குடும்பம். அந்த வீட்டில் முதல் சம்பளக்காரர் அவர்தான். "ஒழுங்கா இருந்ததாலதான் ஏர் பிடிக்காம விசில் பிடிக்கிறேன்" என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி சொல்வார். ஒழுங்கு இருந்தால் எந்தப் பையனும் மேலே வந்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினார். நம்பிக்கை ஜாஸ்தியாக இருக்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மைதானத்தில் சோதனை நடக்கும். நகம், சட்டைப் பொத்தான், காலில் செருப்பு எல்லாம் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேல் தலைமுடி. பெல்பாட்டமும் காதை மூடிய கிராப்பும் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. சினிமா கொட்டகையில் பார்த்ததையெல்லாம் பையன்கள் தலையில் வளர்த்தார்கள். முடி காலரைத் தொட்டால் அப்பாதுரை பேச மாட்டார். கால்சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நெற்றிக்கு மேலே ஒரு கொத்தை நறுக்கி விட்டுவிடுவார். அந்தக் கோலத்தோடு தெருவில் நடக்க முடியாது என்பதால் பையன் தானாகவே சலூனுக்கு ஓடுவான். பெற்றோர் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கண்ணை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தோலுரியுங்கள் என்று சேர்க்க வரும்போதே சொல்லிவிட்டுப் போன தகப்பன்மார்தான் அதிகம்.

ஒரே ஒரு விலக்கு இருந்தது. வேண்டுதலுக்காக முடி வளர்ப்பவன் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருப்பான். திருப்பதிக்கோ படவேட்டுக்கோ போய் முடி கொடுக்கும் வரை அந்தத் தலையில் யாரும் கை வைக்கக் கூடாது. மாஸ்டர் நூலைப் பார்த்ததும் தாண்டிப் போய்விடுவார். பையன்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வருஷம் திடீரென்று வரிசைக்கு நாலு மணிக்கட்டு மஞ்சளாகிவிட்டது. ஊரில் இத்தனை பக்தி எங்கிருந்து வந்தது என்று நாங்களே சிரித்தோம். ஒருநாள் தேரடித் தெருவில், அந்தப் பக்தர்களில் ஒருவன் நூலில்லாத கையோடு மேட்னி ஷோ விட்டு வருவதை அப்பாதுரை பார்த்துவிட்டார். மறுநாள் காலை அதே கையில் நூல் இருந்தது. அவர் பின்னால் பத்தாம் வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவரைக் குத்திவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மைக்கில், இனிமேல் நூலும் கிடையாது வேண்டுதலும் கிடையாது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அறிவித்துவிட்டார். தலைமையாசிரியர் தலையாட்டினார்.

எழுபத்தேழாம் வருஷம் ஜூலையில் தருமன் மாட்டினான். கீழ்பென்னாத்தூருக்கும் அந்தப் பக்கம் ஒரு கிராமம். பஸ் பிடித்து வந்து படிக்கிறவன், எஸ்.எஸ்.எல்.சி. வருஷம். கணக்கில் கெட்டி. முடி பிடரியில் விழுந்திருந்தது. ஆனால் கிராப்பும் இல்லை ஸ்டைலும் இல்லை, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கையில் அழுக்கேறிய மஞ்சள் நூல்.

தங்கச்சிக்கு வேண்டுதல் என்று சொன்னான். இந்தக் கதையைப் போன வருஷமே கேட்டாகிவிட்டது என்றார் அப்பாதுரை. தருமன் திமிறவில்லை. சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடிபோல விரித்துப் பிடித்தான்.

"கீழ விழாம வெட்டுங்க சார்."

தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார். வழக்கத்தைவிடப் பெரிய கொத்தாகவே நறுக்கி உதறினார். அதற்கு முன் வெட்டுப்பட்டவர்களின் முடி கிடந்த மண்ணிலேயே அதுவும் விழுந்தது. பையன் குந்தி உட்கார்ந்து தன் முடியைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தான். மாஸ்டர் விசில் ஊதினார். அவன் எழுந்து வகுப்புக்கு வரவில்லை, கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். வரிசையின் கோடியில் நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணி டீயின்போது அப்பாதுரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"வேஷம் போடறவனுக்குக் கீழ விழக் கூடாதுனு ஏன் சார் தோணும்?"

டம்ளரை வைத்துவிட்டு ஒரு செய்தித்தாளோடு மைதானத்துக்கு ஓடினார். நானும் போனேன். அதற்குள் ஆயா பெருக்கி, குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்திவிட்டிருந்தாள். முடி கருகும் நாற்றம் அங்கேயே நின்றது. அவர் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தருமன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் பஸ் ஏறி அவன் ஊருக்குப் போனோம். தாய் பச்சையம்மாள் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் ஒரு கோணி மேல் தங்கச்சி சரசு உட்கார்ந்திருந்தாள். நாலு வயது முடிந்தும் கால் ஊன்றாத பிள்ளை. அவள் எழுந்து நிற்க வேண்டும் என்று படவேட்டம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு வருஷம் அண்ணன் முடி வளர்த்திருக்கிறான். தருமன் மிச்ச முடியைத் துண்டால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

அப்பாதுரை தன் தப்பு என்று சொன்னார். பையனை நாளைக்கே அனுப்புங்கள், அவன் முடியை யாரும் தொட மாட்டார்கள், தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன் என்றார். பச்சையம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க சார். உங்க ஸ்கூலுக்கு ஒரு சட்டம் கீது, நீங்க பண்ணீங்க. அந்தத் தாய்க்கும் ஒரு சட்டம் கீது. கத்தரி பட்டு மண்ணுல விழுந்தது அவளுக்கு ஆவாது. மறுபடி மொதல்லேர்ந்து வளக்கணும். அடுத்த ஆடிக்குக் குடுத்துட்டு அனுப்பறேன். நடுவுல வேற ஒரு சார் வந்து வெட்டினா நான் எங்க போவேன்?"

பரீட்சை போய்விடும் என்று நான் சொன்னேன். பரீட்சை மறு வருஷமும் வரும், இவளுக்கு மறு வருஷம் இன்னும் கால் சூம்பிவிடும் என்றாள்.

மாதம் தவறாமல் தலையை ஒட்ட வெட்டிக்கொள்கிற அப்பாதுரை அதோடு சலூனுக்குப் போவதை நிறுத்தினார். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி வந்தபோது அவருடைய முடி காலரில் புரண்டது. அதே மைதானத்தில், அதே மைக்குக்குப் பக்கத்தில், அப்படியே நின்றார். பையன்கள் அவருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், அதை இங்கே எழுத முடியாது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, முடியை வெட்டும், இல்லையென்றால் ஒழுங்குப் பொறுப்பை விடும் என்றார். அப்பாதுரை விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைத்தார். எண்பத்தாறில் ஓய்வு பெறும் வரை அவர் பையன்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்ததோடு சரி, சோதனைக்கு இன்னொரு வாத்தியார் வந்தார். அந்த மார்கழியில் அவர் மனைவி வெள்ளையம்மாள், இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என்னிடம் வந்து அழுதாள். பைத்தியம் இல்லை, குற்ற உணர்ச்சி என்று நான் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் பச்சையம்மாள் குடும்பத்தைத் தேடிப் பிடித்தோம். தருமனுக்கு முடி தோளுக்கு வந்திருந்தது. மாஸ்டரின் தலையைப் பார்த்ததும் பச்சையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மாஸ்டரும் தருமனும் முடி கொடுக்க அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அப்பாதுரை மடியில் வேட்டியை விரித்து, ஒரு மயிர்கூட மண்ணில் விழாமல் பிடித்துக்கொண்டார். சந்நிதியில், எங்கள் பிள்ளை முடியோடு சாருடையதையும் ஏற்றுக்கொள் தாயே என்று பச்சையம்மாள் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். அவர் அழுதார். சரசு அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நடக்க வரவில்லை. போன ஆடியே கொடுத்திருந்தால் நடந்திருப்பாளோ என்ற எண்ணம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

வெளியே வந்ததும் அப்பாதுரை பையன் தோளில் கை போட்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு, புத்தகமெல்லாம் நான் வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். தருமன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். எண்ணெய் மில்லில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். வீட்டில் அப்பாவுக்கும் முன்போல உழைக்க முடியவில்லையாம்.

"சின்னப் பசங்களோட போய் உக்கார வெக்கமா கீது சார். அப்ப ரெண்டு வாரந்தான் சார் பாக்கி இருந்துச்சி. எப்பக் குடுக்கறேனு கேட்டிருந்தீங்கனா சொல்லியிருப்பேன். நானே மொட்டத் தலையோட வந்து உங்க முன்னால நின்னிருப்பேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"நான் கேக்கலடா" என்றார் அப்பாதுரை. "கேக்காமலே வெட்டிட்டேன்."

தருமன் காலையில் மில்லுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, சரசுவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.