ரோடு வந்து கெடுத்துவிட்டதாம்!

சாமைச் சோறு பொங்கும்போது ஒரு வாசனை வரும். லேசாக மண் கலந்த மாதிரி... அதோடு சுடச்சுட அவரைக்கொட்டைக் குழம்பு. கல்வராயன் மலையில் கோவிந்தன் மாமா வீட்டில் சாப்பிட்டது. நினைத்தால் இன்றைக்கும் நாக்கு ஊறும். கூடவே கோபமும் வரும்.

கோவிந்தன் மாமா எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. வருஷா வருஷம் அடிவாரத்தில் எங்கள் ஊரான வடக்கனந்தலில் எங்கள் கரும்பை வெட்ட மலையிலிருந்து இறங்கி வருவார். அப்பாவுக்கு நல்ல சிநேகிதம். நான் எட்டாவது முடித்த லீவில், "ஒருவாட்டி குடும்பத்தோட எங்க வூட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். வெள்ளிமலை வரை பஸ். அப்புறம் இரண்டு மணி நேரம் ஒற்றையடிப் பாதை.

முதல் நாள் சொர்க்கம்தான். பலாப்பழம், தேன், ஃபேன் இல்லாமலே குளிர்ந்த காற்று. அப்பா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"இன்னா கோவிந்தா... உங்க வாழ்க்கதான்யா வாழ்க்க! ஒரு தொல்ல இல்ல, ஒரு சத்தம் இல்ல."

மாமா சிரித்தார். அந்த நேரம் அவர் மனைவி லட்சுமி அத்தை எட்டு மாத வயிற்றோடு, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாகச் சுனையிலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பலாச்சுளை தின்றேன்.

மறுநாள் காலை அத்தைக்கு வலி கண்டுவிட்டது.

யாரும் கூப்பிடவில்லை... ஆனால் அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். கம்பில் போர்வையைக் கட்டி, அத்தையைப் படுக்க வைத்துத் தூக்கினார்கள். அப்பாவும் தோள் கொடுத்தார். அம்மா அத்தையின் கையைப் பிடித்தபடி கூடவே ஓடினார். பின்னால் தண்ணீர்ச் செம்போடு நான்.

"இன்னும் எவ்ளோ தூரம்ணா?" அத்தை கேட்டுக்கொண்டே வந்தார்.

"இதோ வந்துட்டோம்மா, வந்துட்டோம்" என்றார் அப்பா. பாதி வழிகூடத் தாண்டவில்லை.

ஓடைப் பக்கம் இறக்கி வைத்தார்கள். அங்கேயே பிறந்தது. பெண் குழந்தை. அழவில்லை... அம்மா தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். மாமா அதை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் அத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தை பிழைத்தார்.

"ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா கொழந்தயும் பொழச்சிருக்கும்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா.

ஸ்கூல் திறந்ததும் லீவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். சோறு, பலா, காற்று எல்லாம் எழுதினேன். ஓடையை எழுதவில்லை. நல்ல மார்க் வேறு! அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

போன மாதம் குடும்பத்தோடு அத்தையைப் பார்க்கப் போனோம். மாமா இப்போது இல்லை. கார் வாசலிலேயே போய் நின்றது. சாப்பிடும்போது என் கொழுந்தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சொன்னான்:

"ரோடு போட்டு கெடுத்துட்டாங்க அண்ணி. முன்னாடி எவ்ளோ சிம்பிளா, நிம்மதியா இருந்திருக்கும்!"

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இன்னா தெரியும் உனக்கு? இந்த ரோடு இல்லாமதான் ஒரு புள்ள செத்துச்சு. என் கண்ணு முன்னாடி!" கத்திவிட்டேன். பிள்ளைகள் மிரண்டு போனார்கள்.

அத்தைதான் என் கையைப் பிடித்தார். "உடு கண்ணு. பாக்காதவங்களுக்கு எப்டித் தெரியும்?"

அங்கே நல்லது எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிடாமலே ஆறு பேர் வந்தார்களே... இப்போது நாங்கள் குடியிருக்கும் சென்னையில் அப்பா மயங்கி விழுந்த அன்று எங்கள் எதிர் ஃப்ளாட் கதவு திறக்கவே இல்லை. அந்த மனிதர்களுக்காக இன்றும் ஏங்குகிறேன். ஆனால் இல்லாமைக்கு எளிமை என்று பேர் வைத்து, ரெண்டு நாள் ரசித்துவிட்டு வண்டி ஏறுகிறவர்களைப் பார்த்தால்... பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அத்தையின் மருமகளுக்கு வலி கண்டபோது ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்ததாம். பேத்தி பிறந்திருக்கிறாள்.

"வண்டி போனதும் ரோட்டுலியே குந்திக்கினு தாரத் தடவித் தடவிப் பாத்தேன்" என்றார் அத்தை. அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"இத்த அன்னிக்கே போட்டிருந்தா யாருக்கு இன்னா கொறஞ்சி போயிருக்கும்?"