பட்ட கிளைக்கு ஓர் உத்தரவு

பூங்காவில் வேலை என்றால் பூவோடு வேலை என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கென்னம்மா, நிழல்ல உக்காந்து சம்பளம்" என்று கல்யாண வீடுகளில் கேலி பேசுவார்கள். சறுக்குமரத்தின் தகரம் எங்கே பிய்ந்து பிள்ளைகளின் தொடையைப் பதம் பார்க்கக் காத்திருக்கிறது, ஊஞ்சல் சங்கிலியின் எந்த வளையத்தை உப்புக்காற்று தின்றிருக்கிறது, ராத்திரி எவனோ குடித்துவிட்டு உடைத்த பாட்டில் எந்தப் புல்லுக்குள் கிடக்கிறது என்று தேடிக்கொண்டு அலைவதுதான் என் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய சம்பளக்காரக் குடும்பங்கள் நிறைந்த ஒரு சிறிய நகரம் அது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே பொதுப் பூங்காக்களின் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். சின்ன வயசு, நிறையக் கோபம். என் கோபத்துக்கு அசையாமல் நின்றது ஒரே ஒரு வேப்பமரம்.

அது பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பூங்காவில், சுற்றுச்சுவர் மூலையில் இருந்தது. மத்தியான வெயிலில் நிழல் விழுவது அங்கே மட்டும்தான் என்பதால் ஊஞ்சல்களையும் அதன் அடியிலேயே நட்டிருந்தார்கள். செய்யூர்ப் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஆண்கள் இடிந்த சுவர் வழியாக உள்ளே வந்து, மரத்தின் பின்பக்கம் நின்று ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போவார்கள். முன்பக்கம் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவார்கள். அறிவிப்புப் பலகை வைத்தோம், பலகை மேலேயே ஒன்றுக்குப் போனார்கள். காவலாளி அதட்டிப் பார்த்தார். "இன்னா, உன் வூட்டு மரமா?" என்று அவரை அடிக்கவே வந்துவிட்டார்கள்.

அந்த நாற்றத்தில் தினமும் குனிந்து கூட்டியவர் ஒரு அம்மாள். நாற்பது வயது இருக்கும், கணவர் இல்லை. அவருடைய பெற்றோர் பக்கத்து ஊரில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் பூங்காவைப் பெருக்குகிற வேலைக்கு வந்திருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். கோபம் வந்தால் மட்டும் அந்த மேடத்தோடு 'நீ, வா, போ' எல்லாம் சேர்ந்து வரும்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில், எங்கள் பூப்பாத்தி ஓரத்துக் கல் ஒன்று, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு கொத்து வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னா மேடம் அப்படி பாக்கற? அம்மன் வந்து குந்திக்கினா" என்றார் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இப்போ எவனாவது வந்து வேட்டியத் தூக்கட்டும், பாக்கலாம்."

எவனும் தூக்கவில்லை. பேருந்துக்கு நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அலுவலகத்தில் நான் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவரில் சாமி படம் ஒட்டி அசுத்தத்தைத் தடுக்கிற ஊர்தானே நம்முடையது. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் வேறு பூங்காவைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆடி மாதம் வந்தது. யாரோ விளக்கு வைத்தார்கள், யாரோ பாவாடை சாத்தினார்கள். இடமாறுதல் கேட்டவருக்கு இடமாறுதல் கிடைத்ததாம், பிள்ளையில்லாதவளுக்கு நாள் தள்ளிப்போனதாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலையோரம் கணினி நிறுவனங்கள் வந்ததும் வெள்ளிக்கிழமைகளில் கார்களும் நிற்கத் தொடங்கின. கும்பிட வந்தவர்கள் திருநீறு கேட்டார்கள். அங்கே இருந்தது அக்கா மட்டும்தான். "நான் பெருக்கறவம்மா, நீயே எடுத்துக்கோ" என்று முதலில் விலகியிருக்கிறார். அவர்கள் விடவில்லை. கொஞ்ச நாளில் அக்கா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, முகத்தில் மஞ்சளோடு வர ஆரம்பித்தார். முதலில் பூங்காவைக் கூட்டுவார், பிறகு கையைக் கழுவிவிட்டு விளக்கேற்றுவார்.

குடியிருப்பில் அவருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கென்று தனி டம்ளர் வைத்திருந்த ஒரு வீட்டுக்கார அம்மாள், ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் முன்னால் வந்து நெற்றியைக் குனிந்து நீட்டினார். அக்கா நிதானமாகக் குங்குமம் வைத்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு சாமி நம்பிக்கை குறைவுதான். ஆனாலும் அன்றைக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அதற்கடுத்த கோடையில்தான் கிளை பட்டுப்போனது. ஊஞ்சல்களுக்கு நேர் மேலே நீண்டிருந்த தடித்த கிளை. மரம் முழுக்கப் புதுக் கொழுந்து விட்டபோது அது மட்டும் மொட்டையாக நின்றது. பட்டை உரிந்து, உள்ளே கரையான் மண் தெரிந்தது. பூங்கா வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடக் கெட்ட காட்சி வேறு கிடையாது. காற்றில் விழுகிற கிளையையாவது எதிர்பார்க்கலாம். பட்ட கிளை, காற்றே இல்லாத நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

மறுநாளே வெட்டச் சொன்னேன். எங்கள் மரமேறி, ஏணியைச் சுமந்துகொண்டு வந்தவர், மஞ்சள் துணியைப் பார்த்ததும் ஏணியைக் கீழே போட்டார்.

"மேடம், வேணும்னா என்ன சஸ்பெண்ட் பண்ணிக்கோ. சாமி மரத்துல நான் அருவா வெக்க மாட்டேன். எனக்குப் புள்ளகுட்டி கீது."

சரி, வெளியாட்களைப் பிடிக்கலாம் என்று செய்யூர்ப் பக்கமிருந்து சவுக்கு வெட்டுகிறவர்களைக் கூட்டிவந்தேன். வண்டியிலிருந்து இறங்கினார்கள். மரத்தைப் பார்த்தார்கள். அக்காவிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, டீ குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பிப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. அலுவலகத்தில் என் மேலதிகாரி, "ஊர் விவகாரம்மா. அம்மன்கிட்ட உத்தரவு வாங்கிட்டுச் செய்யுங்க" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

உத்தரவு வாங்குவது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, வெளியே தெரியாதபடி மடித்துக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். பொட்டலம் கட்டப்போவது அக்கா. எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

கருவி வைக்கும் கொட்டகையில் அவரைத் தனியாகப் பார்த்தேன். "அக்கா, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிடுங்க. நந்தியாவட்டை நம்ம பாத்திலயே பூத்திருக்கு. பிள்ளைங்க உயிர் விஷயம்."

அவர் துடைப்பத்தின் குச்சிகளைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே, "சரி மேடம்" என்றார். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கூட்டம் நெருக்கியடித்தது. எங்கள் மரமேறியும் ஏணியோடு ஓரமாக நின்றார். ஒரு சின்னப் பெண் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அக்கா நூலைப் பிரித்து உயர்த்திக் காட்டினார். சிவப்பு அரளி. "அம்மா வாணாங்கறா" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் களேபரத்தில் தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

கூட்டம் கலைந்ததும் அதை அவர் முன்னால் வைத்தேன். "ரெண்டுமே சிவப்பு. ஏன் அக்கா?"

அவர் மறுக்கவில்லை. "நீ சொல்லச் சொன்ன பொய்ய நான் சொன்னா சரி. எனக்கு வேணுங்கற பொய்ய நான் சொன்னா தப்பா?"

"அது பிள்ளைங்க தலையில விழுந்தா?"

"ஊஞ்சல எடுத்துக்கினு போ. ஊஞ்சல நீ எங்க வெச்சாலும் ஆடும். எனக்கு இத்த வுட்டா எடமில்ல மேடம். இன்னிக்கி கெளைய வெட்டுவ. ஒண்ணும் ஆவாது. அப்பால, 'பாரு, வெட்னாங்க, அம்மன் ஒண்ணும் பண்ணல, அது வெறும் கல்லு'ன்னுவாங்க. நாளிக்கி நான் யாரு? தொடப்பக்கட்ட."

ஒரு வார்த்தை வெளியே சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் கிளை விழுந்திருக்கும், அக்காவும் விழுந்திருப்பார். ஆத்திரத்தோடு பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். அடுத்த நாள் ஊஞ்சல்களைப் பெயர்த்து வெயிலில் நட்டேன். "பூங்கா நடத்தறாங்களாம், சூட்டுல புள்ளைங்க பின்பக்கம் பொசுங்குது" என்று பெற்றோர் என்னை வறுத்தெடுத்தார்கள். மரத்தடியில் கயிறு கட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கும்பிட வந்தவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். கடல் பக்கமிருந்து கொஞ்சம் பலமாகக் காற்றடித்தாலும் எனக்குப் பகீரென்றது. வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து பூங்காவுக்குப் போன நாட்கள் உண்டு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா அந்தக் கிளைக்கு அடியில் யாரையும் உட்கார விட்டதில்லை. "அம்மாவுக்கு வெக்கையா கீது, காத்து வரட்டும், தள்ளிக் குந்துங்க" என்று பெண்களையும் பிள்ளைகளையும் விரட்டிக்கொண்டே இருப்பார். அந்த இடத்தைக் கூட்டுவதும் விளக்கு வைப்பதும் அவர் மட்டும்தான். அபாயம் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதனால் அது விழுந்தபோது அடியில் இருந்ததும் அவர் மட்டும்தான். சித்திரை வெயில், இலை அசையாத மத்தியானம். சத்தம் கேட்டுக் காவலாளி ஓடியபோது கிளையின் அடியில் அக்காவின் மஞ்சள் புடவை தெரிந்திருக்கிறது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்திருந்தார். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கி, இடது கால் பிறகு நிமிரவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய எனக்குப் பூங்காவில் கேட்ட பேச்சு வேறு. "அம்மா கோச்சிக்கினா. யாரு பூச பண்றதுன்னு ஒரு மொற வாணாமா?" கும்பிட்டு நெற்றியை நீட்டிய அதே ஆட்கள்தான் பேசினார்கள். ஒரு கமிட்டி அமைந்தது. எங்கிருந்தோ ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செதுக்கிய அம்மன் சிலை வந்தது. சிலைக்கு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்கு மரம் இடைஞ்சல். புதுப் பூசாரி பூக்கட்டிப் போட்டார். வெள்ளை வந்தது. பாதி மரத்தையே வெட்டினார்கள், அதுவும் பச்சைக் கிளைகள். புள்ளகுட்டி கீது என்ற எங்கள் மரமேறிதான் ஏறினார். மேலே இருந்து பாட்டு வேறு. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்காவுக்குள் கட்டடம் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன், அலுவலகத்தில் ஒருவரும் அதைக் கையால் தொடவில்லை.

அக்கா மறுபடி வந்தது அடுத்த தை மாதத்தில், கம்பு ஊன்றிக்கொண்டு. அன்றும் வெள்ளிக்கிழமை. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மண்டபத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே மற்ற பெண்களோடு வரிசையில் நின்றார். பூசாரி ஒவ்வொருவர் நெற்றியிலும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். அக்காவிடம் வந்தபோது கையை உயர்த்தி, மேலிருந்து அவருடைய உள்ளங்கையில் போட்டார். பாதி தரையில் சிந்தியது. வரிசை நகர்ந்தது.

நான் அவரை இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். "இது நீங்க வெச்ச சாமின்னு நான் இப்பவே போய்ச் சொல்றேன் அக்கா."

"சொன்னா எவன் நம்புவான்? எனக்கே நம்பிக்க வல்ல." கையில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தானே நெற்றியில் வைத்துக்கொண்டார்.

ஆற்றாமையில் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்ன மாதிரி வெள்ளையே வெச்சிருந்தா, இந்தக் கால் நல்லா இருந்திருக்குமே அக்கா."

"இருந்திருக்கும்" என்றார். மடங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி வைத்தார். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"இன்னொரு தபா கேட்டாலும் செவப்புதான் வெப்பேன் மேடம். அத்தினி பேரு என் முன்னால தலைய குனிஞ்சாங்க. அதுக்கு முந்தி நாப்பது வருசம் இதே ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்திச்சி, ஒருத்தரும் குனியல."