இன்ஷிராஹ் அப்லாவின் முப்பது ஓவியங்கள்

எகிப்தின் பெனி சுவைஃப் நகரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு இன்ஷிராஹ் அப்லா ஓவிய ஆசிரியையாக வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊரில் ஆசிரியை என்றால் அப்லா, ஆசிரியர் என்றால் உஸ்தாத். அதில் அவர் ஓவியம் கற்றுக்கொடுத்த நேரத்தைக் கூட்டினால் ஒரு ரமலான் மாதம் தேறலாம். நான் புவியியல். என் பாடத்துக்குத் தேர்வு உண்டு, அதனால் கொஞ்சம் மரியாதையும் உண்டு. ஓவியத்துக்கு வியாழக்கிழமை ஏழாவது பீரியட். அதையும் கணக்கு ஆசிரியர் உஸ்தாத் முக்தார் வாரந்தோறும் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்க அப்லா. பிள்ளைங்க சமன்பாட்டுல தத்தளிக்குதுங்க."

"போன வாரமும் தத்தளிச்சாங்களே, உஸ்தாத்?"

"அது வேற சமன்பாடு."

அப்லா சும்மா உட்கார்ந்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கழிவறைக் கதவில் 'தண்ணீரை வீணாக்காதே' என்று அழகாக எழுதியவர் அவர்தான். தலைமையாசிரியர் உஸ்தாத் ரிஃபாத்தின் மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தெர்மோகோலில் இரண்டு அன்னங்கள் வெட்டியவரும் அவர்தான். இதெல்லாம் போக, ஒவ்வொரு மார்ச்சிலும் மாணவிகளின் ஓவியக் கண்காட்சி நடக்கும். அதற்கான முப்பது படங்களையும் அப்லாவே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைந்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்து மூலையில் பெயர் எழுதுவார். வருகிறவர்கள் பிள்ளைகளின் திறமையைப் பார்த்து அசந்துபோவார்கள். முக்கியமாக, அந்தப் பிள்ளைகளே அசந்துபோவார்கள்.

ஒரு வருடம் மேலிடத்துக்குக் கலைக்கல்வி மீது திடீரென்று பாசம் பொங்கியது. அதை ஆதரித்து மேம்படுத்த மூன்று பேர் கொண்ட குழு காரில் வந்து இறங்கியது. குழுவின் தலைவி டாக்டர் ஸுஹைர், கண்காட்சியில் அந்தி நேர நைலில் போகும் பாய்மரப் படகு ஒன்றின் முன் நின்றுவிட்டார். மூலையில் 'ஹனாதி, இரண்டாம் ஆண்டு' என்றிருந்தது.

"இந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. நம்ம முன்னால ஒண்ணு வரையட்டும்."

"இன்னிக்கு அவ வரலைன்னு நினைக்கிறேன் மேடம்" என்றார் ரிஃபாத்.

பக்கத்தில் நின்ற முக்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. "வந்திருக்கா, வந்திருக்கா. என் கிளாஸ்லதான் கணக்கு போட்டுக்கிட்டிருக்கா."

"இப்ப ஓவியப் பீரியட்னு அட்டவணையில இருக்கே?" என்றார் டாக்டர் ஸுஹைர்.

முக்தார் அவளைக் கூட்டிவருகிற சாக்கில் வேகமாக நழுவினார்.

ஹனாதி வந்தாள். அப்லா அவள் கையில் தூரிகையைக் கொடுத்தார். பள்ளியில் அவள் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"என்ன வரையறது அப்லா?"

"காலையில வீட்ல என்ன பாத்தியோ, அத வரை."

அரை மணி நேரத்தில் ஒரு மொட்டை மாடி வந்தது. அங்கே அவள் அம்மா ஒரு வாத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, அது கொழுக்க வேண்டுமென்று ஊறவைத்த அவரையை அதன் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை அவள் தலையைவிடப் பெரியது. வாத்தின் கால்கள் எங்கிருந்து முளைத்தன என்பது தெரியவில்லை. ஆனால் அதன் கண் எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது.

"கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனமா இருக்கு" என்றார் டாக்டர் ஸுஹைர். "அந்தப் படகுல இருந்த நயம் எங்க போச்சு?"

"பயந்துட்டா மேடம்" என்றார் ரிஃபாத்.

இன்ஷிராஹ் அப்லா படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பட்டது.

"படகு நான் வரைஞ்சது மேடம். முப்பதும் நான்தான். இவ வரைஞ்சது இந்த வாத்து மட்டும். இப்படி ஒரு கண்ணு எனக்கு வராது."

குழுவில் ஒருவர் மெல்லச் செருமினார். பரிசுக் கோப்பில் ஏற்கெனவே முத்திரை குத்தியாகிவிட்டதாம். உண்மைக்காக முத்திரையை அழிக்க முடியுமா? படகுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஹனாதிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அப்லாவுக்கு, 'குழந்தைகளின் சுதந்திர வெளிப்பாடு' பற்றிப் பத்து நாள் பயிற்சி கிடைத்தது. அங்கே நாற்பது ஆசிரியர்களையும் ஒரே பேரீச்சமரத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். அப்லாவின் மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் திருத்தி வரையச் சொன்னார்கள்.

அடுத்த பிப்ரவரியில் ரிஃபாத் அவரைக் கூப்பிட்டார். "முப்பது படம் எப்ப ரெடியாகும் அப்லா?"

"ஏழாவது பீரியட எனக்கே குடுத்தா, பிள்ளைங்க வரைஞ்சிருவாங்க."

"எப்பவும் போல நீங்களே வரைஞ்சா என்ன?"

"நான் இப்ப பயிற்சி எடுத்தவ, உஸ்தாத். பிள்ளைங்க பேர்ல டீச்சர் வரையக்கூடாதுன்னு அவங்க குடுத்த புஸ்தகத்துல பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு. வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

முக்தாரின் கோபம் பெரிதா, கண்காட்சியன்று வெறும் சுவர் பெரிதா என்று ரிஃபாத் யோசித்தார். சுவர்தான் பெரிதாகத் தெரிந்தது. பீரியட் கிடைத்தது.

அந்த வருடக் கண்காட்சியில், ஒரே பக்கத்தில் நான்கு சக்கரமும் வைத்த மைக்ரோபஸ் இருந்தது. பக்கத்து வீட்டுச் சண்டை இருந்தது. உஸ்தாத் முக்தார் மூன்று படங்களில் இருந்தார், எதிலும் அவருக்குக் கழுத்து இல்லை. குழு மறுபடி வந்து பார்த்துவிட்டு, பள்ளியின் கலைத்தரம் கவலைக்குரிய அளவில் சரிந்துவிட்டது என்று எழுதி அனுப்பியது. ஆசிரியர் அறையில் ரிஃபாத் அதைச் சாவுச் செய்தி படிக்கும் குரலில் வாசித்தார். அப்லா எழுந்துபோய் அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் மிச்சமிருந்த ஒரே பச்சைச் சாயக் குழாய்க்காக இரண்டு மாணவிகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் விலக்கிவிடப் போனார்.